வீடு மாறவில்லை, விசா மாறியது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சொற்பொழிவின் பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று துறையினர் சொல்லிவிட்டார்கள். சட்டத்துறை மேடை என்பதால் அரசமைப்பு, அடிப்படை உரிமை என்று பெரிய பொருளாக ஒன்றை நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு படிவத்தை. தாய்லாந்தில் வாழும் அயல்நாட்டார் எல்லோரும் அறிந்த படிவம் அது. டி.எம். 30 என்பது அதன் பெயர். இன்ன வீட்டில் இன்ன அயல்நாட்டுக்காரர் வந்து தங்கியிருக்கிறார் என்று அரசுக்குத் தெரிவிக்கும் தாள். அரசுக்கும் அயலாருக்கும் இடையே உள்ள உறவு எப்படிப்பட்டது என்பதைப் பெரிய தீர்ப்புகளைக் காட்டிலும் இத்தகைய சிறிய தாள்கள் தெளிவாகச் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

தாய்லாந்தின் குடியேற்றச் சட்டம் 1979இல் வந்தது. அவர்கள் கணக்கில் புத்த ஆண்டு 2522. கம்போடியாவில் பொல்பாட் ஆட்சி வீழ்ந்து, கிழக்கு எல்லையில் அகதிகள் திரண்ட ஆண்டு அது. நாட்டுக்குள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியும் அடங்கியிருக்கவில்லை. எல்லையைக் கடந்து வந்தவர் இரவில் எங்கே படுக்கிறார் என்பது அன்றைய அரசுக்கு மெய்யாகவே கவலை தந்த கேள்வி. அந்தக் கவலை சட்டத்தின் 37, 38 ஆகிய இரு பிரிவுகளில் பதிந்திருக்கிறது.

37ஆம் பிரிவு தங்குபவரைப் பற்றியது. தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்றவர் தான் சொன்ன இடத்திலேயே தங்க வேண்டும். இடம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வேறு மாகாணத்துக்குப் போய் ஒரு நாளுக்கு மேல் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்குள்ள காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். 90 நாளுக்கு மேல் நாட்டில் இருந்தால் தன் இருப்பிடத்தை எழுத்து மூலம் தெரிவித்து, அதன் பிறகு 90 நாளுக்கு ஒருமுறை அதையே மறுபடியும் செய்ய வேண்டும். 38ஆம் பிரிவு தங்க இடம் கொடுத்தவரைப் பற்றியது. வீட்டுத் தலைவர், உரிமையாளர், குடியிருப்பை அனுபவத்தில் வைத்திருப்பவர், விடுதி மேலாளர் ஆகியோர் அயல்நாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தவறும் வீட்டுக்காரருக்கு 2,000 பாத் வரையிலும், விடுதி மேலாளருக்கு 2,000 முதல் 10,000 பாத் வரையிலும் அபராதம். தங்குபவர் 37ஆம் பிரிவின் இந்த விதிகளை மீறினால் 5,000 பாத் வரை அபராதம். சரிசெய்யும் வரை நாளொன்றுக்கு 200 பாத் வரை அதோடு கூடிக்கொண்டே போகும்.

இந்தச் சட்டத்தில் எனக்குக் குறையாகப் படுவது அதன் கடுமை அல்ல. நாட்டில் இருக்கும் அயலார் எங்கே இருக்கிறார் என்று அறிய எந்த அரசுக்கும் உரிமை உண்டு. வெள்ளம் வந்தால் மீட்கவும், தொற்று பரவினால் எச்சரிக்கவும், குற்றம் நடந்தால் விசாரிக்கவும் முகவரி வேண்டும். என் குறை வேறு. முகவரி என்பது ஓர் ஆளைப் பற்றிய செய்தி. இந்த ஏற்பாடோ அதை ஒரு விசாவின் மீதும், ஒரு நுழைவு முத்திரையின் மீதும், ஒரு கடவுச்சீட்டு எண்ணின் மீதும் கட்டி வைத்திருக்கிறது. விசா மாறினால் முகவரியும் செத்துப்போகிறது. அதே வீட்டில், அதே கட்டிலில் அவர் படுத்திருந்தாலும் சரி.

எடுத்துக்காட்டுக்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பாங்காக்கின் சீலோம் சாலைப் பக்கம் நம்மவர்களுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. காயல்பட்டினத்திலிருந்து போய் ரத்தினக்கல் வணிகம் செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 15இல் தாய்லாந்து 93 நாட்டவருக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கும் சலுகையை அறிவித்தது. இந்தியரும் அதில் அடக்கம். அந்தச் சலுகையில் நுழைந்து ஓர் அறையை வாடகைக்கு எடுக்கிறார். வீட்டுக்கார அம்மாள் டி.எம். 30 பதிகிறார். தொழில் அமைகிறது. சென்னைக்கு வந்து தொழில் விசா வாங்கிக்கொண்டு அதே அறைக்குத் திரும்புகிறார். இப்போது விசா புதிது, நுழைவு புதிது. ஆகவே வீட்டுக்கார அம்மாள் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் பதிய வேண்டும். விசாவில் கிடைத்த 90 நாள் முடிவதற்குள் 1,900 பாத் கட்டி ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கிறார். முதல் முறை நீட்டிப்பு கேட்பதே முதல் 90 நாள் அறிக்கையாகக் கொள்ளப்படும். அடுத்த அறிக்கையிலிருந்து டி.எம். 47 என்ற படிவம் கொடுக்க வேண்டும். தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்கு வர வேண்டுமென்றால், நீட்டிப்பு அழிந்துபோகாமல் இருக்க 1,000 பாத் கொடுத்து மறுநுழைவு அனுமதி எடுத்துக்கொண்டு வர வேண்டும். திரும்பிப் போனதும் 90 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். கடவுச்சீட்டு காலாவதியாகிப் புதியது வாங்கினால், இணையத்தில் இத்தனை நாள் செய்துவந்த அறிக்கையை அடுத்த முறை அலுவலகத்தில்தான் கொடுக்க முடியும். புதிய எண்ணைப் பதிவேடு அறியாது.

இத்தனை நடந்தும் அவருடைய முகவரி ஒருநாளும் மாறவில்லை.

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளுக்காக அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரே ஆள்மேல் நான்கு கடிகாரங்கள் ஓடுகின்றன. விசாவை எந்த நாள் வரை பயன்படுத்தி நுழையலாம் என்பது முதலாவது. நுழைந்தபின் எந்த நாள் வரை இருக்கலாம் என்று முத்திரையில் எழுதுவது இரண்டாவது. 90 நாள் அறிக்கை மூன்றாவது. வீட்டுக்காரரின் 24 மணி நேரம் நான்காவது. 90 நாள் அறிக்கை கொடுத்துவிட்டால் தங்கும் காலம் நீண்டுவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது நீட்டிப்பு ஆகாது. இருப்பிடத்தைச் சொல்வது மட்டுமே. அனுமதி நாள் கடந்து இருந்தால் நாளுக்கு 500 பாத் வீதம், 20,000 பாத் வரை அபராதம். மாதக்கணக்கில் கடந்தால் மறுபடி நுழையவே தடை. அறிக்கை தாமதமானால் தாமாகப் போய்ச் சொல்பவருக்கு வழக்கமாக 2,000 பாத். நேரில் கொடுப்பதானால் கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை கொடுக்கலாம். இணையத்தில் கொடுப்பதானால் 15 நாள் முன்பு தொடங்கிக் கெடுவுக்கு 7 நாள் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நேரில் உள்ள தவணை இணையத்திலும் இருக்கும் என்று நம்பித் தாமதிக்கக் கூடாது.

டி.எம். 30 விதி பல ஆண்டுகள் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. விடுதிகள் பதிந்தன, தனி வீட்டுக்காரர்களில் பலர் அப்படி ஒரு கடமை இருப்பதையே அறியவில்லை. 2019இல் குடியேற்றக் காவல்துறை அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. இரண்டு நாள் கடற்கரைக்குப் போய்விட்டு வீடு திரும்பியவருக்கும் புதிய பதிவு வேண்டும் என்ற நிலை வந்தது. அயல்நாட்டார் மனு எழுதினார்கள். அந்த ஆகஸ்ட்டில் பாங்காக் அயல்நாட்டுச் செய்தியாளர் சங்கத்தில் அதிகாரிகளையே அழைத்து விவாதித்தார்கள். 2020 ஜூன் இறுதியில் தளர்வு வந்தது. ஏற்கெனவே பதிந்த முகவரிக்கே திரும்பி வருபவர், பல முறை நுழையும் விசாவோ மறுநுழைவு அனுமதியோ வைத்திருந்தால் மீண்டும் பதிய வேண்டியதில்லை. நல்ல திருத்தம்தான். அது எங்கே நின்றுவிட்டது என்பதையும் பாருங்கள்: விசா அதுவே என்றால் முகவரி உயிரோடு இருக்கும், விசா புதிது என்றால் இல்லை. நோய் எங்கே என்று கண்டுபிடித்தவர்கள் பாதி மருந்து மட்டும் கொடுத்தார்கள்.

அடுத்து, யார் கடமை, யார் தண்டம் என்ற கேள்வி. 38ஆம் பிரிவு வீட்டுக்காரரையே பொறுப்பாக்குகிறது. நடைமுறையில் நடப்பது என்ன? வாடகைக்கு இருப்பவர் நீட்டிப்புக்கோ விசா மாற்றத்துக்கோ போய் நிற்கும்போது அதிகாரி டி.எம். 30 ரசீதைக் கேட்கிறார். இல்லையென்றால் வேலை நடக்காது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கலாம். வாடகை வருமானம் வரித்துறைக்குத் தெரிந்துவிடும் என்று பதிய மறுக்கலாம். அல்லது சும்மா இருக்கலாம். கடைசியில் குடியிருப்பவரே வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்; வீட்டுக்காரர் மீது விதிக்கப்பட்ட அபராதத்தையும் தாமே கட்டுகிறார். சட்டம் ஒருவரைக் குற்றவாளி என்கிறது. கவுண்டர் இன்னொருவரிடம் பணம் வாங்குகிறது. ஒருவர் தவறுக்கு இன்னொருவரைத் தண்டிக்கக் கூடாது என்பது சட்டக் கல்லூரியின் முதலாண்டுப் பாடம். நடைமுறை என்ற பெயரில் அது மீறப்படும்போது நாம் பேசாமல் இருக்கக் கூடாது.

இதில் பெண்களுக்கு நேரும் இடர் தனி. தாய்லாந்துக்காரரை மணந்து அவர் வீட்டில் வாழும் அயல்நாட்டுப் பெண்ணின் முகவரியைத் தெரிவிப்பவர் வீட்டுத் தலைவர் என்ற முறையில் கணவர். அந்த வீட்டில் அடி வாங்கி வெளியேறுகிறவள் எந்த முகவரியைச் சொல்வாள், யாரைக் கொண்டு பதிவாள்? அவளுடைய தங்கும் அனுமதியே அந்தத் திருமணத்தின் மேல் நிற்கிறது. ஜப்பான் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வருவாய் கூடக் கூட அறிக்கைச் சுமை குறைவதையும் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் தாய்லாந்து நீண்டகாலக் குடியிருப்போர் விசா ஒன்றைக் கொண்டுவந்தது. பத்தாண்டு விசா. அதன் ஒரு பிரிவு பத்து லட்சம் டாலர் சொத்துள்ளவர்களுக்கு. இந்த விசாக்காரர் 90 நாளுக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று அரசே ஒப்புக்கொள்கிற ஏற்பாடு இது. அப்படியானால் மகாச்சாயில் இறால் உரிக்கும் பர்மியத் தொழிலாளிக்கு ஏன் 90 நாள்? அவர் வேலை செய்யும் ஆலை எது என்று தொழிலாளர் துறைக்குத் தெரியும், படுத்துறங்கும் அறை பெரும்பாலும் ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெரிய ஆலைகள் பட்டியல் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிடுகின்றன. சிறு முதலாளியிடம் வேலை பார்ப்பவர் தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டும், அல்லது ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டும். பெரும் சொத்துக்காரருக்கும் தினக்கூலிக்காரருக்கும் ஒரே அபாயக் கணக்கு இருக்க முடியாது என்று வாதிடலாம். முகவரியை மறைக்க வழியும் வசதியும் அதிகம் உள்ளவர் இருவரில் யார் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வாதிடட்டும்.

இன்னொரு செய்தி இதைவிட வியப்பானது. தாய்லாந்தில் வீட்டுப் பதிவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. நாட்டவருக்கும் நிரந்தரக் குடியிருப்பு பெற்றவர்களுக்கும் நீல அட்டை, தற்காலிகமாகத் தங்கும் அயலாருக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் புத்தகம் பெற மாவட்ட அலுவலகம் சாட்சிகளை விசாரித்து, மொழிபெயர்த்த ஆவணங்களைச் சரிபார்த்து, இவர் இந்த வீட்டில்தான் வாழ்கிறார் என்று உறுதிசெய்கிறது. இளஞ்சிவப்பு அடையாள அட்டையும் கிடைக்கிறது. அரசே தீர விசாரித்துக் கொடுத்த இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரும் 90 நாளுக்கு ஒருமுறை அதே முகவரியைக் குடியேற்ற அலுவலகத்தில் சொல்ல வேண்டும். காரணம் எளியது. புத்தகம் உள்துறை அமைச்சகத்தின் நிர்வாகத் துறையைச் சேர்ந்தது. அறிக்கை காவல்துறையைச் சேர்ந்தது. ஒரே அரசின் இரு துறைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாத குறையை அயலாரின் கால்கள் தீர்த்துவைக்கின்றன.

வேறு வழி உண்டா என்றால், ஜப்பானின் கதையைப் பார்க்க வேண்டும். அதுவும் இனிய கதையன்று. 1947 மே 2ஆம் நாள், புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள், அயலார் பதிவு ஆணை பிறந்தது. அதுவரை பேரரசின் குடிமக்களாக இருந்த கொரியர்கள் அன்று முதல் பதிவுக்குரிய அயலாராக நடத்தப்பட்டார்கள். 1952இல் அது சட்டமானது. 1955 முதல் கைரேகை எடுத்தார்கள். ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழியே பேசி வளர்ந்த பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே ஊராட்சி அலுவலகத்தில் விரலை மையில் தோய்த்தார்கள். 1980இல் ஹான் ஜோங்சோக் என்ற கொரியர் மறுத்தார். அவரைத் தொடர்ந்து எண்பதுகளில் ஆயிரக்கணக்கானோர் மறுத்தார்கள். 1993இல் நிரந்தரக் குடியிருப்போருக்கும் 2000இல் எல்லோருக்கும் பதிவுக்கான கைரேகை நீங்கியது.

இருந்தும் ஒரு வேலி மிஞ்சியது. ஜப்பானியரின் முகவரி குடும்பத்தோடு சேர்த்துக் குடியிருப்போர் ஏட்டில் இருக்கும். அயலார் தனி ஏட்டில். ஜப்பானியப் பெண்ணை மணந்த அயல்நாட்டுக் கணவன், அந்தக் குடும்பத்தின் ஏட்டுப் படியில் குடும்ப உறுப்பினராக வரமாட்டான். 2003இல் யோகோஹாமாவின் நிஷி வட்டாரம், ஆற்றில் வந்து தங்கிய தாமா என்ற கடல்நாய்க்கு அன்பின் அடையாளமாகக் குடியிருப்புச் சான்று வழங்கியது. வரி கட்டிப் பல ஆண்டுகள் வாழ்ந்த அயலார் கன்னத்தில் கடல்நாய் மீசை வரைந்துகொண்டு தெருவில் இறங்கினார்கள். எங்களுக்கு இல்லாதது அதற்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் வலி எனக்கு இன்றும் புரிகிறது.

2012 ஜூலை 9இல் அந்தப் பழைய சட்டம் ஒழிந்தது. மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் அயலார் அனைவரும் ஜப்பானியர் இருக்கும் அதே ஏட்டில் சேர்ந்தார்கள். வீடு மாறினால் 14 நாளுக்குள் நகராட்சியில் சொல்ல வேண்டும். ஜப்பானியருக்கும் அதே 14 நாள். நகராட்சி அலுவலர் குடியிருப்பு அட்டையின் பின்புறம் புதிய முகவரியை எழுதித் தருகிறார். குடியேற்றத் துறைக்கு அவர்களே தெரிவித்துவிடுகிறார்கள். மாணவர் விசா வேலை விசாவாக மாறும்போது புதிய அட்டை வருகிறது. வீடு மாறாவிட்டால் முகவரியை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பதிவே மருத்துவக் காப்பீட்டுக்கும், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கும் அடிப்படை. அரசு முகவரியை வாங்கிக்கொள்கிறது, பதிலுக்கு ஊரில் ஓர் இடம் தருகிறது.

ஜப்பானிலும் தண்டனை உண்டு. தவறினால் இரண்டு லட்சம் யென் வரை அபராதம். பழைய வீட்டை விட்டு 90 நாள் ஆகியும் புதிய வீட்டைச் சொல்லாவிட்டால் தங்கும் தகுதியே பறிபோகலாம். ஆனால் தகுந்த காரணம் இருந்தால் பறிக்கக் கூடாது என்று அங்கே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். குடும்ப வன்முறைக்குத் தப்பி ஓடியது தகுந்த காரணம் என்று அரசே விளக்கியிருக்கிறது. நான் முன்னே சொன்ன பெண்ணுக்கு அந்தக் கதவு உயிர் காக்கும்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த அவையில் பலருடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். வீடு மாறிய பத்து நாளுக்குள் ஏ.ஆர். 11 படிவம் கொடுக்க வேண்டும். அஞ்சலகத்தில் முகவரி மாற்றினால் போதாது. விசா நீட்டிப்பு மனுவில் புதிய முகவரி எழுதினோமே என்றாலும் போதாது. பிள்ளைகளிடம் இன்றிரவு தொலைபேசியில் இதைக் கேளுங்கள். 1981 வரை ஆண்டுதோறும் ஜனவரியில் எல்லா அயலாரும் முகவரி அட்டை அனுப்ப வேண்டியிருந்தது, அதை நிறுத்திவிட்டார்கள். 2001 தாக்குதலுக்குப் பிறகு ஏ.ஆர். 11ஐத் தூசி தட்டி எடுத்தபோதுதான், அதுவரை மக்கள் அனுப்பியிருந்த தாள்கள் கான்சாஸ் நகருக்கு அருகே ஒரு நிலத்தடிக் கிடங்கில் பெட்டி பெட்டியாகப் பதிவேறாமல் கிடந்தது வெளியே வந்தது. சொல்லும் கடமையைக் குடிமகன் அல்லாதவர் மேல் வைத்த அரசு, கேட்கும் கடமையைத் தன்மேல் வைத்துக்கொள்ளவில்லை.

எனவே ஒரு முகவரிச் சட்டம் நேர்மையானதா என்று பார்க்க நான் கேட்பது இவைதான். ஆள் இடம் மாறினால் மட்டும் சொல்லச் சொல்கிறதா, தாள் மாறும்போதெல்லாம் சொல்லச் சொல்கிறதா? சொல்ல வேண்டியவர் தவறினால் தண்டம் அவரையே சேர்கிறதா? சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது? தாய்லாந்தின் இன்றைய ஏற்பாடு முதல் இரண்டு கேள்விகளிலும் தோற்கிறது; மூன்றாவதற்கு அதனிடம் பதிலே இல்லை. 90 நாள் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையாக எல்லோருக்கும் மாற்றுவதும், டி.எம். 30 பதிவை விசாவோடு கட்டாமல் ஆளோடு கட்டுவதும் தொழில்நுட்பத்துக்கு இன்று ஒரு பொருட்டே அல்ல. 2025 மே முதல் நாளிலிருந்து வருகை அட்டையையே இணையத்துக்குக் கொண்டுபோன நாடு அது. வர வேண்டியது மனம்.

கடைசியாக நம் வாசலுக்கு வருகிறேன். இந்தியாவில் 1939, 1946ஆம் ஆண்டுச் சட்டங்கள் நீங்கி, 2025 செப்டம்பர் முதல் நாள் புதிய குடியேற்றம் மற்றும் அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தங்க இடம் கொடுப்பவர் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை இங்கும் உண்டு. நெடுநாளாகப் ‘படிவம் சி’ என்று நாம் அறிந்தது அதுதான். அயல்நாட்டு மாணவரைச் சேர்க்கும் கல்வி நிறுவனமும், நோயாளியைச் சேர்க்கும் மருத்துவமனையும் தெரிவிக்க வேண்டும். ஆரோவில்லில் பல்லாண்டு வாழ்வோர், சென்னைக்கு இசை படிக்க வருவோர், சிகிச்சைக்கு வருவோர் என நம்மிடையே இருப்பவர்கள் பலர். அவர்கள் விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, நாம் பதிந்தோமா என்பதைப் பொறுத்தே அவர்கள் வேலை நடக்கும். பாங்காக்கில் நம்மவருக்கு நேர்வதைக் குறை சொல்லிவிட்டு, இங்கே நம் மாடியில் குடியிருப்பவருக்கு அதையே நாம் செய்யக் கூடாது.

இந்த அவையில் வீட்டுக்காரர்கள் இருப்பீர்கள், விடுதிக் காப்பாளர்கள் இருப்பீர்கள். அயல்நாட்டவர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிந்துவிடுங்கள். பதிந்ததற்கான ரசீதை அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள். அவருடைய விசா மாறினால் நீங்களே கேட்டு மறுபடி பதியுங்கள். நம் கடமையைச் செய்யாத குற்றத்துக்கு அவரை அபராதம் கட்ட விடாதீர்கள்.